மலிவான காற்று வடிகட்டிகளும் எஞ்சின்களின் ஆயுளும்
(ஜவ்வாது மலை விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்)

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்து களம் கூடும் காலத்தில், முன்னாளில் மாடுகள் பிணையல் சுற்றிய பல களங்களில் இந்நாளில் டிராக்டர்கள் சுற்றி வருகின்றன. கதிரடிக்கும் யந்திரங்களும் வந்துள்ளன. மலையில் விளைந்த தானியமும் பழமும் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கும் ஆலங்காயத்துக்கும் சிறு சரக்கு மோட்டார்களில் இறங்குகின்றன. நிலமுடைய குடியானவர் பலர் ஜீப்போ, காரோ வைத்திருக்கின்றனர். ஆகவே, மாட்டின் தீவனத்தையும் நோயையும் பற்றி அறிந்திருப்பது எவ்வளவு அவசியமோ, எஞ்சினுடைய சுவாசத்தைப் பற்றி அறிந்திருப்பதும் இன்று அவ்வளவு அவசியமாகிவிட்டது.

பட்டறைகளில் 'ஏர் பில்டர்' என்று வழங்கும் காற்று வடிகட்டியே எஞ்சினுக்கு மூக்காகும். இதனைப் புதிதாக மாற்ற வேண்டி வரும்போது, வண்டிக் கம்பெனியின் சரக்கு ஒரு விலைக்கும், வேறு பெயருள்ள சரக்கு அதனிலும் குறைந்த விலைக்கும், பெயரே இல்லாத சரக்கு மிக மலிவாகவும் கடைகளிற் கிடைக்கின்றன. "மலிவானதைப் போட்டால் எஞ்சினுக்குக் கெடுதி உண்டா?" என்பது விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. விலையைக் கொண்டோ, பெட்டியிலுள்ள பெயரைக் கொண்டோ மட்டும் முடிவு செய்யலாகாது என்பதும், தூசி உட்புகுகின்றதா இல்லையா என்பதை விவசாயி தாமே எளிதிற் கண்டறியலாம் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

1. எஞ்சின் உட்கொள்ளும் காற்று

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சின்கள் வழக்கமாக இதனினும் அதிகமான காற்றையே இழுக்கின்றன. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டிராக்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால், அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர், அதாவது மணிக்கு 1,50,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். எண்ணெய் எவ்வளவு ஊற்றினோம் என்பதை நாம் கணக்கில் வைக்கிறோம். அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு அளவில் உட்செல்லும் காற்றைப் பற்றியோ, அதனோடு கலந்து செல்லும் தூசியைப் பற்றியோ நினைப்பதில்லை.

ஜவ்வாது மலையில் ஆகாயம் தெளிவாயிருக்கும். காவலூரில் 1968-ஆம் ஆண்டு முதல் வானாராய்ச்சி நடைபெற்று வருவதும், அங்கு 1986-ஆம் ஆண்டில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி திறக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. ஆனால் நட்சத்திரங்களைப் பார்ப்பவருக்கு வேண்டிய சுத்தம் வேறு, டிராக்டருக்கு வேண்டிய சுத்தம் வேறு. தூசி எழும் இடம் ஆகாயமன்று. கதிரடிக்கும் களமும், உழவு நடக்கும் காய்ந்த நிலமும், தார் போடாத மலைப் பாதையுமே தூசியின் பிறப்பிடங்களாம். எஞ்சின் மூச்சு விடுவதும் அங்கேதான்.

2. தூசியால் விளையும் தீமை

மண் தூசியில் பெரும் பகுதி நுண்மணலாகும். மணலின் முக்கியப் பொருளாகிய படிகக் கல்லுக்குக் கடினத்தில் பத்துக்கு ஏழு என்னும் ஸ்தானம் உண்டு. சிலிண்டர் செய்யும் வார்ப்பிரும்பு அதனினும் மெதுவானது. எனவே, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் அகப்பட்ட மணற் பொடி, சாணைக் கல்லைப் போல் இரும்பைத் தேய்க்கிறது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெருந்தூசியைவிட நுண்தூசியே அதிகத் தீங்கு செய்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். எஞ்சினைத் தேய்க்கும் தூசியோ பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் அளவினது. தேயும் பாகங்களுக்கிடையே உள்ள எண்ணெய்ப் படலத்தின் கனத்துக்கு இது ஏறக்குறைய ஒத்திருப்பதால், படலத்தினுள் நுழைந்து இரு பக்கத்தையும் ஒருங்கே சுரண்டுகிறது. இவ்வளவு சிறிய தூசியைத் தனியாகப் பிரித்துக் கண்ணால் காண இயலாது. ஆகையால், "வடிகட்டி வழியாக ஒன்றும் போகவில்லையே, நான் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்வாராயின், அவர் பார்த்தது தீங்கு செய்யாத தூசியையே என்று கொள்ள வேண்டும்.

இத்தீமை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. டிராக்டர்கள் வயல்களுக்கு வந்த தொடக்க காலத்திலேயே, 1920-களில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பண்ணையில் தூசியினால் டிராக்டர் எஞ்சின்கள் தேய்வதையும் வடிகட்டிகளின் திறத்தையும் பரீட்சித்தனர். இரண்டாவது உலக யுத்தத்தில், 4-வது இந்தியப் படைப்பிரிவும் கலந்து போரிட்ட வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், டாங்குகளின் எஞ்சின்களைத் தூசியிலிருந்து காப்பது இரு தரப்பாருக்கும் பெருங்கவலையாக இருந்தது.

3. வடிகட்டியின் திறத்தை அளக்கும் கணக்கு

வடிகட்டிகளைப் பரீட்சிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சர்வதேச முறை ஒன்றுண்டு. அளவறிந்த தூசியைக் காற்றிற் கலந்து வடிகட்டியினுள் செலுத்தி, தங்கியது எவ்வளவு, தப்பியது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பர். நூற்றுக்கு 99 பங்கைத் தடுக்கும் வடிகட்டி, நூற்றுக்கு 99.9 பங்கைத் தடுக்கும் வடிகட்டி என்னும் இரண்டும் கேட்பவர் காதுக்கு ஒன்று போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும்.

கணக்கின் பொருட்டு, களத்தில் ஆயிரம் லிட்டர் காற்றில் ஒரு கிராம் தூசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முற்கூறிய டிராக்டர் எஞ்சின் மணிக்கு 150 கிராம் தூசியை இழுக்கும். 100 மணி நேர வேலையில் 15 கிலோ தூசி வடிகட்டியை வந்து சேரும். இதில்:

99.9 பங்கு தடுப்பது 15 கிராமை உள்ளே விடும்.
99 பங்கு தடுப்பது 150 கிராமை உள்ளே விடும்.
95 பங்கு தடுப்பது 750 கிராமை உள்ளே விடும்.

தடுத்ததைப் பார்த்தால் மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. தப்பியதைப் பார்த்தால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம். எஞ்சினுக்குக் கணக்கு தப்பியதில்தான். கடையில் மேசைமேல் இம்மூன்றையும் ஒருங்கே வைத்தால், அவற்றின் காகிதத்தைப் பார்த்து இன்னது உயர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. மலிவுச் சரக்கின் அபாயம் இதுவே.

4. சந்தையில் உள்ள நால்வகைச் சரக்கு

(அ) வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது. இதனைப் பெரும்பாலும் அக்கம்பெனி தானே செய்வதில்லை. வடிகட்டி செய்யும் தனித் தொழிற்சாலைகள் செய்து கொடுக்கின்றன.

(ஆ) அத்தகைய தொழிற்சாலைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. விலை பெரும்பாலும் குறைவு; சரக்கு நம்பத்தக்கது. வண்டிக்கு உரிய எண்ணைப் பார்த்து வாங்கினால் இதனை உபயோகிப்பதில் தவறில்லை.

(இ) பெயர் தெரியாத உற்பத்தியாளரின் மிக மலிவான சரக்கு. இதில் நல்லதும் இருக்கலாம், ஆகாததும் இருக்கலாம். பரீட்சையின் சான்று இல்லாமையால் வாங்குவோர் துணிந்தே வாங்க வேண்டியிருக்கிறது.

(ஈ) பிறருடைய பெயரைப் பொய்யாக அச்சிட்ட போலிச் சரக்கு. இது நான்கிலும் கொடியது. ஏனெனில், நல்ல விலை கொடுத்தவரையும் இது ஏமாற்றும்.

ஆகவே, 'கம்பெனிச் சரக்கல்லாததெல்லாம் விஷம்' என்பதும் சரியன்று. மோட்டார் உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையிற் கிடைக்கவொட்டாமற் செய்தமைக்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் அனைத்தையும் ரத்துச் செய்யும் பொது நிபந்தனை கூடாதென்றும் கட்டளையிட்டது. அதன்மேல் மேல்முறையீடுகள் தொடரப்பட்டன. எனினும், உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கு வேறு வடிகட்டி போடுவோர், ரசீதையும் பழைய பெட்டியையும் பத்திரப்படுத்தி வைப்பது நலம்.

கார்களுக்கு எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டிகளும் விற்கப்படுகின்றன. இவற்றைக் கழுவி மீண்டும் போடலாம். ஆனால் எண்ணெய் அதிகமானால், உட்செல்லும் காற்றை அளக்கும் நுண்கருவியின்மேல் அது படிந்து எஞ்சினின் ஓட்டத்தைக் கெடுக்கக்கூடும். தூசி மிகுந்த மலைப் பாதைக்குச் சாதாரணக் காகித வடிகட்டியே தக்கது.

5. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காகிதத்தின் நுண்மையைக் கண்ணால் அளக்க முடியாவிட்டாலும், கீழ்க்கண்டவற்றைப் பார்த்தே மட்டமான சரக்கில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம்.

பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டு சென்று, உயரம், விட்டம், துளை ஆகியவை புதியதில் முற்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் அளவு குறைந்தாலும் தூசி வடிகட்டியின் வழியே செல்லாது, அதன் ஓரத்தின் வழியே செல்லும்.

ஓரத்திலுள்ள ரப்பர் வளையம் மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். கட்டை போல் கடினமாயிருப்பதும், வெடிப்புள்ளதும், பிசின் ஒழுங்கின்றி வழிந்திருப்பதும் ஆகா.

காகித மடிப்புகள் சம இடைவெளியுடன் நேராக நிற்க வேண்டும். மடிப்புகளின் தொகை பழையதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், காகிதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள் என்பது பொருள்.

வடிகட்டியினுள் கைவிளக்கை வைத்துச் சுற்றிப் பார்த்தால், ஊசித் துளையோ கிழிசலோ இருக்குமிடம் நட்சத்திரம் போல் மின்னும். ஆயினும் இச்சோதனை கிழிசலை மட்டுமே காட்டும். காகிதத்தின் தரத்தைக் காட்டாது.

பெட்டியின்மேல் உற்பத்தியாளரின் பெயரும் விலாசமும், உற்பத்தியான மாதமும் வருஷமும், அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். இது 2011-ஆம் வருஷத்திய சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்) விதிகளின் தேவையாகும். இவை இல்லாத பெட்டியையும், ரசீது கொடாத கடையையும் விட்டு விலகுவதே நன்று.

6. வெள்ளைத் துணிச் சோதனை

வடிகட்டியைப் பூட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. இதற்குச் செலவே இல்லை. புதிய வடிகட்டியைப் போடுமுன், வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். ஐம்பது மணி நேரம் வேலை செய்த பின், எஞ்சின் நின்றிருக்கும்போது அக்குழாயைக் கழற்றி, விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே துடைத்துப் பார்க்க வேண்டும். துணி வெண்மையாகவே இருந்தால் நலம். செம்மண் நிறம் ஏறினால், ஒன்று வடிகட்டி தூசியை விடுகிறது, அல்லது ஓரம் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குழாய் வெடித்திருக்கிறது, அல்லது பட்டி தளர்ந்திருக்கிறது. எதுவாயினும் அன்றே சரி செய்ய வேண்டும். குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருக்குமாயின், உலகத்திலேயே உயர்ந்த வடிகட்டியைப் போட்டும் பயனில்லை.

7. சுத்தம் செய்வதில் நிகழும் தவறுகள்

நல்ல வடிகட்டியையும் தவறான சுத்தத்தால் கெடுத்துவிடுவதுண்டு. டயரின்மேலோ பாறையின்மேலோ தட்டுவது, பம்பின் பலத்த காற்றை அருகில் வைத்து அடிப்பது, காகித வடிகட்டியை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது ஆகிய மூன்றும் கூடாதவை. காற்றடிக்க வேண்டின், வண்டியின் கையேடு சொல்லும் அழுத்தத்துக்கு மேற்படாமல், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். இரட்டை வடிகட்டியுள்ள டிராக்டர்களில் உள்ளிருக்கும் சிறிய வடிகட்டி காவலுக்காக வைத்தது. அதனைச் சுத்தம் செய்யாமல், கையேட்டிற் குறித்த காலத்தில் புதிதாக மாற்றுவதே முறை. விலை மிச்சம் என்று அதனை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது மிகத் தவறு.

இன்னும் ஒன்று. சிறிது தூசி படிந்த காகிதம், புதிய காகிதத்தைவிட நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசியே ஒரு வடிகட்டியாகிறது. ஆதலால், தினந்தோறும் கழற்றித் தட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். வடிகட்டி அழுக்கானால் எண்ணெய்ச் செலவு கூடும் என்றும் பலர் அஞ்சுகின்றனர். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையில், புதிய வகைப் பெட்ரோல் கார்களில் அடைபட்ட வடிகட்டியால் எண்ணெய்ச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், வேகம் பிடிக்கும் சக்தியே குறைந்தது என்றும் கண்டனர். எச்சரிக்கை விளக்கோ, சிவப்புக் குறியோ உள்ள வண்டிகளில் அது காட்டும்போது கவனித்தாற் போதும். மற்றவற்றில் கையேட்டின் மணிக்கணக்கைப் பின்பற்ற வேண்டும். களத்து வேலைக்கு அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் காகிதத்துக்குப் பதிலாக எண்ணெய்த் தொட்டி வடிகட்டி உண்டு. இதற்கு உதிரிச் செலவு மிகக் குறைவு, கவனமே செலவு. தொட்டியின் அடியில் சேறு தங்கினாலும் எண்ணெய் கெட்டியானாலும் மாற்றிவிட வேண்டும். எண்ணெயைக் கோட்டின் அளவுக்கே ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி தப்பும். மிகுந்தால் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, டீசலை நிறுத்திய பின்னும் எஞ்சின் தானே வேகம் பிடித்து ஓடி விபத்து நேரக்கூடும்.

சாமைக் களத்தில் பறக்கும் உமியும் சருகும் காற்று நுழையும் கிண்ணத்தை விரைவில் அடைத்துவிடும். அதனை மட்டும் தினமும் மாலையில் துடைத்து வைக்கலாம். டிராக்டரால் ஓடும் கதிரடிக்கும் யந்திரத்தை வைக்கும்போது, காற்று டிராக்டரிலிருந்து யந்திரத்தை நோக்கி வீசுமாறு திசை பார்த்து நிறுத்துவதும், மண் பாதையில் முன் செல்லும் வண்டியின் புழுதிக்குள் நெருங்கிச் செல்லாமலிருப்பதும் காசில்லாத வடிகட்டிகளாம்.

8. லாப நஷ்டம்

ஒரு குடியானவர் வடிகட்டியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் ஒரு குறையும் தெரியாது. பிறகு எஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறையும். நீலப் புகை வரும். காலையில் எஞ்சின் எளிதிற் கிளம்பாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடிக்கும். மலையேற்றத்தில் இழுப்பு குறையும். இவை தோன்றும்போது ரிங்குகளும் சிலிண்டரும் முன்னமே தேய்ந்திருக்கும். அதன்பின் உயர்ந்த வடிகட்டியைப் போட்டாலும் தேய்ந்த இரும்பு வளராது. எஞ்சினை இறக்கி வேலை பார்க்கப் பல பதினாயிரம் ரூபாய் ஆகும். அதுவும் அறுவடையின் நடுவில் நேர்ந்தால், களத்தில் கிடக்கும் கதிர் மழையில் நனையும் நஷ்டம் வேறு. மலையிலிருந்து பெரிய பட்டறைக்கு எஞ்சினை இறக்கிக் கொண்டுபோகும் கூலியும் அதனோடு சேரும். டர்போ பொருத்திய புதிய வண்டிகளில் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் ஒன்று வடிகட்டியை அடுத்தே இருப்பதால், கிழிந்த வடிகட்டியால் வரும் கேடு இன்னும் விரைவானது.

9. கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

போலிச் சரக்கு என்று ஐயம் தோன்றினால், பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளும்படி குடியானவர்களுக்குக் கிராம அதிகாரிகள் எடுத்துரைக்க வேண்டும். பொய்யான வியாபாரக் குறியிட்ட சரக்கை விற்பவருக்கு 1999-ஆம் வருஷத்திய வணிகக் குறிச் சட்டத்தின் 104-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நஷ்டமடைந்தவர் 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்துகொள்ளலாம். சரக்குக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணமில்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தாரிடமும் முறையிடலாம்.

முடிவுரை

மலிவான வடிகட்டி அனைத்தும் கெட்டதென்றோ, விலையுயர்ந்தது அனைத்தும் நல்லதென்றோ கொள்ளலாகாது. பெயர் அறிந்த தொழிற்சாலையின் சரக்கை, வண்டிக்குரிய எண்ணைப் பார்த்து, ரசீதுடன் வாங்குக. ஓரம் பொருந்தப் பூட்டுக. வெள்ளைத் துணியால் சோதித்தறிக. சாமை விதைப்பதற்கு முன் விதையைப் புடைத்தெடுக்கும் கை, களம் கூட்டுவதற்கு முன் வடிகட்டியையும் ஒரு முறை பார்த்துவிடுமாயின், எஞ்சின் பல்லாண்டு உழைப்பதோடு, அறுவடைக் காலத்தில் கை கொடுக்கவும் தவறாது.